பக்கத்து மனையில் ஆழக் குழி: நிலம் இறங்குவதை அளப்பது, அடக்குவது

மதுரையில் மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய பழைய வீடுகளில் பல, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே மரக்கட்டைகள் மீது செங்கல் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரை, கீழே நாலைந்து அடிக்குக் கருங்கல் அஸ்திவாரம். அதை ஒட்டி இருபது அடி ஆழத்துக்கு வண்டி நிறுத்தும் தளம் தோண்டினாலும், தெருவுக்கடியில் பாதாளச் சாக்கடைக் குழாயைத் தள்ளிக்கொண்டு போனாலும், வீட்டின் கீழே இருக்கும் மண் அந்தக் குழியைப் பார்த்து நகரத் தொடங்கும். அந்த நகர்வை மில்லிமீட்டரில் பிடித்து, சுவர் வெடிக்குமுன் வேலையை நிறுத்துவது எப்படி என்பதை வீட்டுக்காரர், கட்டடப் பொறியாளர், மேஸ்திரி மூவருக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறோம். நம் ஊரில் ‘பேஸ்மட்டம்’ என்றால் தரைக்கு மேலே எழுப்பும் அடிமேடை என்பதால், கீழே தோண்டுவதை இங்கே நிலத்தடித் தளம் என்றே சொல்கிறோம்.

எவ்வளவு இறங்கும்?

மேலே நிலம் இறங்கினால், கீழே எங்கோ இடம் காலியாகியிருக்கிறது என்று பொருள். நிலக்கரிச் சுரங்கத்தில் இது பச்சையாகத் தெரியும். கரியை முழுதாக எடுத்துவிட்டுக் கூரையை இடிந்து விழ விட்டால், எடுத்த படுகையின் கனத்தில் 90 சதவீதம் வரை மேலே தரை இறங்கக்கூடும். அதே வெற்றிடத்தில் தண்ணீரோடு மணலைச் செலுத்தி நிரப்பினால் இறக்கம் மிகச் சிறிய பங்காகக் குறைந்துவிடும். நகரத்துக் குழியிலும் கணக்கு அதுதான். குழியின் அளவுக்கு மேல் எவ்வளவு மண் வெளியே வந்ததோ, அவ்வளவும் பக்கத்து நிலத்தின் கணக்கில் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிவிட்டம் 1.2 மீட்டர் உள்ள குழாயை, அதன் நடு அச்சு 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும்படி தெருவுக்கடியில் தள்ளுகிறார்கள். துளையின் பரப்பு 1.13 சதுர மீட்டர். அதில் 3 சதவீத மண் கூடுதலாக உள்ளே வந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.034 கன மீட்டர் இழப்பு. மேலே தரை ஒரு கிண்ணம் போலக் குழியும். அந்தக் கிண்ணத்தின் அகலத்தைக் குறிக்கும் அளவு, மணலில் ஆழத்தின் 0.25 முதல் 0.35 மடங்கு, களியில் 0.5 மடங்கு. கலப்பு மண்ணுக்கு 0.4 என்று வைத்தால் 2 மீட்டர். இழப்பை அந்த அளவின் 2.5 மடங்கால் வகுத்தால் நடுவில் இறங்கும் ஆழம் கிடைக்கும்: 0.034 ÷ 5 = சுமார் 7 மி.மீ. மண் இழப்பு 10 சதவீதமானால் அது 23 மி.மீ. ஆகிவிடும். கிண்ணம் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அந்த 2 மீட்டர் அளவின் மும்மடங்கு, அதாவது 6 மீட்டர் வரை பரவும். நம் தெருக்களில் அந்த ஆறு மீட்டருக்குள் இரு பக்கத்து வீட்டு வாசல்களும் வந்துவிடும்.

திறந்த குழிக்கு இன்னும் எளிய கணக்கு உண்டு. நல்ல மண்ணில், முட்டு சரியாகக் கொடுத்த 6 மீட்டர் குழிக்கு ஆழத்தில் 0.3 சதவீதம், அதாவது 18 மி.மீ. வரை ஓரத்தில் இறங்கலாம். பாதிப்பு ஆழத்தின் இருமடங்கு தூரம், 12 மீட்டர் வரை போகும். இளகிய களியிலும் கவனமற்ற வேலையிலும் 1 சதவீதமும் அதற்கு மேலும் ஆகும். குழியின் ஆழத்தைக் கேட்டவுடனே இந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வீடுகளில் அளக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இவைதான்.

அசையாத புள்ளி

இறக்கத்தை எதிலிருந்து அளக்கிறோமோ அந்த பெஞ்ச்மார்க்கே இறங்கினால் எல்லா உழைப்பும் வீண். குழியின் ஆழத்தைப்போல மூன்று மடங்குக்கு அப்பால், குறைந்தது மூன்று பெஞ்ச்மார்க் வேண்டும். ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். இரண்டு மட்டும் இருந்தால் எது நகர்ந்தது என்றே சொல்ல முடியாது.

மதுரையின் அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் என்ற கடினப் பாறைகள். திருப்பரங்குன்றம், நாகமலை, ஆனைமலைப் பக்கங்களில் பாறை வெளியே தெரியும். ஊரோடு ஒட்டிய பாறையில் 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை 10 செ.மீ. ஆழம் இறக்கி, எபாக்சி ஊற்றி நிறுத்தினால் அதைவிட நல்ல பெஞ்ச்மார்க் இல்லை. நகர் நடுவில், வைகை வண்டல் மேல் இருப்பவர்கள் துளையிட்டு, பாறை வரை கம்பி இறக்கி, மேல் மண் அந்தக் கம்பியைப் பிடித்து இழுக்காதபடி சுற்றிலும் பி.வி.சி. குழாய் உறை போட வேண்டும். கோயில், மண்டபம், மகால் போன்ற பழங்கட்டடங்களில் துளை போடவே கூடாது.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கக் கரிசலில் தனி எச்சரிக்கை வேண்டும். ஐப்பசி மழையில் அந்த மண் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். மேல் 3.5 மீட்டர் வரை இந்த மூச்சு உண்டு. இரண்டடிக் குழியில் கான்கிரீட் போட்டு நட்ட கல், பக்கத்தில் எவரும் தோண்டாமலே சென்டிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். அதை நம்பி அளந்தால் இல்லாத இறக்கம் தெரியும். அதைவிடக் கொடுமை, உண்மையான இறக்கம் மறைந்துபோகும்.

கண்காணிப்புப் புள்ளிகள்

சுவர்ப் புள்ளிகளை வீட்டின் ஒவ்வொரு மூலையிலும், பொதுச்சுவரின் இரண்டு முனையிலும், இடையில் 5 முதல் 6 மீட்டருக்கு ஒன்றாகவும் வையுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் போதும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போல்ட் போக வேண்டும். பூச்சு தனியே உப்பி விழும். போல்ட்டின் தலை அரைக்கோளமாக இருந்தால், லெவல் கருவியில் பார்த்து உயரம் படிக்க நிறுத்திப் பிடிக்கும் அளவுக்கோலான ஸ்டாஃபின் அடி எப்போதும் ஒரே உச்சியில் உட்காரும். தட்டையான தலையில் ஒவ்வொரு முறையும் ஒரு மி.மீ. அங்கும் இங்கும் போகும்.

இன்னொரு வழி, 1 மி.மீ. கோடுள்ள 30 செ.மீ. எஃகு அளவுகோலை லெவல் கருவியின் பார்வை உயரத்தில் சுவரில் நிரந்தரமாகப் பதித்துவிடுவது. ஸ்டாஃப் பிடிக்க ஆள் வேண்டாம், சாய்த்துப் பிடிக்கும் பிழை இல்லை. சுமார் 10 மீட்டர் தூரத்திலிருந்து அரை மி.மீ.க்கும் குறைவாக மதிப்பிட்டுப் படிக்கலாம்.

தெருப் புள்ளிதான் பெரும்பாலும் தவறாகப் போகிறது. பேவர் கல்லின் மேலோ கான்கிரீட் சாலையின் மேலோ ஆணி அடித்து அளப்பது வழக்கம். கான்கிரீட் பலகை பாலம் போல நின்றுகொள்ளும். கீழே மண் போய் வெற்றிடம் ஆனாலும் மேலே ஒரு மி.மீ. கூட அசையாது. பிறகு ஒரு நாள் தண்ணீர் லாரியின் சக்கரம் உள்ளே போகும். ஆகவே சாலையைத் துளைத்து, 20 மி.மீ. கம்பியை அதற்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் மண்ணில் இறக்கி, சாலைக் கனம் முழுவதற்கும் உறை போட்டு, கம்பி சாலையைத் தொடாதபடி நிறுத்துங்கள். மேலே சிறு இரும்பு மூடி போதும்.

சுரங்கத்தில் இடிந்த பாறை பருத்துக்கொள்ளும். 3 மீட்டர் உயரச் சுரங்கவழி இடிந்து, பாறை 1.3 மடங்கு பருத்தால், சுமார் 10 மீட்டர் மேலேறியதும் வெற்றிடம் தானே அடைத்துக்கொள்ளும். உடைந்த சாக்கடைக் குழாய்க்குள் ஒழுகும் மணலுக்கு அந்த எல்லை கிடையாது. தண்ணீர் அதை அள்ளிக்கொண்டே போகும், வெற்றிடம் சாலை வரை ஏறும்.

முதல் அளவு, தோண்டுவதற்கு முன்

இதைத் தவறவிட்டால் பின்னால் எடுக்கும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. முதல் மண்வெட்டி விழுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கி, குறைந்தது மூன்று தடவை எல்லாப் புள்ளிகளையும் அளந்துவிடுங்கள். மூன்றும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சராசரியை முதல் அளவாக வைத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகவில்லை என்றால் கருவியிலோ, பழக்கத்திலோ, மண்ணின் பருவ அசைவிலோ குறை இருக்கிறது. அதை இப்போதே கண்டுபிடியுங்கள்.

கூடவே ஒவ்வோர் அறையின் நான்கு சுவர்களையும், கூரையையும், தரையையும் தேதியோடு படமெடுங்கள். ஏற்கனவே உள்ள ஒவ்வொரு விரிசலின் பக்கத்திலும் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தோண்டுபவரும் வீட்டுக்காரரும் இரண்டு பிரதியிலும் கையெழுத்திடுவது இரு தரப்புக்கும் நல்லது. பழைய விரிசலைப் புதியது என்று சொல்லவும் முடியாது, புதியதைப் பழையது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது.

லெவல் எடுக்கும் முறை

வேலை தொடங்குமுன்பும் பிறகு வாரம் ஒருமுறையும் கருவியைச் சோதியுங்கள். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை. நட்டநடுவில் ஆட்டோ லெவலை நிறுத்தி இரண்டின் உயர வித்தியாசத்தை எடுங்கள். அது உண்மையான வித்தியாசம். பிறகு ஒரு முளைக்கு 3 மீட்டர் அருகில் நிறுத்தி மறுபடி எடுங்கள். இரண்டும் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கருவியைச் சரிசெய்யாமல் பயன்படுத்த வேண்டாம்.

கருவியிலிருந்து முந்தைய புள்ளிக்கு உள்ள பின்பார்வைத் தூரமும் அடுத்த புள்ளிக்கு உள்ள முன்பார்வைத் தூரமும் சமமாக, 30 மீட்டருக்குள் இருக்கட்டும். கருவி நிற்கும் இடத்தைப் பெயிண்ட்டில் குறித்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே நிறுத்துங்கள். அதே கருவி, அதே ஸ்டாஃப், முடிந்தால் அதே ஆள். தொடங்கிய பெஞ்ச்மார்க்கிலேயே சுற்றை முடிக்க வேண்டும். 200 மீட்டர் சுற்றுக்கு 2 மி.மீ.க்கு மேல் பிழை வந்தால் அன்றைய அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

மதுரை வெயிலில் காலை எட்டரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பிறகு தார்ச்சாலையின் மேல் காற்று நெளியும், ஸ்டாஃபின் கோடுகள் ஆடும். பார்வைக்கோடு தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. நீளம் அளக்கும் எஃகு டேப்புக்கும் வெயில் கணக்கு உண்டு. 30 மீட்டர் டேப் 15 டிகிரி கூடுதல் சூட்டில் 5 மி.மீ. நீளும்.

வீட்டுக்குள் லெவல் கருவி நிறுத்த இடமிருக்காது. அங்கே கொத்தனாரின் டியூப் லெவலே கைகொடுக்கும். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் பிடிக்கும் விதத்தில் பிழை வரும். 10 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான குழாயை எடுத்து, ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். முழு நீளத்தையும் கண்ணால் பார்த்துக் குமிழி இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒரே ஒரு குமிழி பல மி.மீ. பொய்யைத் தரும். குழாயின் ஒரு பகுதி வெயிலிலும் மறு பகுதி நிழலிலும் கிடக்கக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டு, நீர்மட்டத்தின் வளைவின் அடியை எஃகு அளவுகோலில் படியுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் இடம் மாற்றி மறுபடி படித்துச் சராசரி எடுங்கள். கவனமாகச் செய்தால் 1 மி.மீ. வரை நம்பலாம்.

சுவரின் சாய்வுக்குத் தூக்குக்குண்டு. மாடியிலிருந்து 6 மீட்டர் நூலில் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கக் குண்டை ஒரு வாளி எண்ணெயில் மூழ்கவிடுங்கள். மேலும் கீழும் சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தின் வித்தியாசம் 12 மி.மீ. மாறினால் சாய்வு ஐந்நூறில் ஒன்று.

விரிசல்

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டுவது பழைய வழக்கம். உடைந்தால் அசைந்தது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதற்குப் பதில் விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாக மூன்று பித்தளைத் திருகுகளைப் பதித்து, அவற்றின் இடைவெளிகளை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் விரிந்ததும் நழுவியதும் தனித்தனியே 0.1 மி.மீ.க்குக் கிடைக்கும். காலையில் ஒரு அளவு, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு அளவு என்று முதல் வாரம் முழுக்க எடுங்கள். சுண்ணாம்புச் சுவர் வெயிலுக்குத் தானாகவே திறந்து மூடும். அந்த அன்றாட மூச்சு எவ்வளவு என்று தெரிந்தால்தான் அதற்கு மேல் வருவது இறக்கம் என்று சொல்ல முடியும்.

கூரைக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலால் வந்தது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது இறக்கத்தின் அடையாளம். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் சுவரின் முனை இறங்குகிறது. வீடு கிண்ணத்தின் விளிம்பில் நிற்கிறது. கீழே அகன்றிருந்தால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது. 1 மி.மீ. வரை பூச்சு வேலையோடு முடியும். 5 மி.மீ. வரை கதவுகள் லேசாகப் பிடிக்கும். 5 முதல் 15 வரை செங்கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால் ஆட்களை வெளியேற்றிவிட்டு முட்டுக் கொடுங்கள்.

தண்ணீரும் மணலும்

மேலே சொன்னதெல்லாம் நடந்த பிறகு தெரிபவை. முன்கூட்டியே தெரிவிப்பது தண்ணீர். வைகையை ஒட்டிய மணலில் குழி தோண்டினால் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். நிலத்தடி நீர் ஒரு மீட்டர் இறங்கினால் கீழ் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஒரு டன் சுமை கூடுகிறது. பழைய வீட்டு முற்றக் கிணறு இருந்தால் தினமும் அதன் நீர்மட்டத்தை எழுதிவையுங்கள். இல்லையென்றால் 50 மி.மீ. பி.வி.சி. குழாயின் அடி ஒரு மீட்டரில் துளையிட்டு, சுற்றிலும் மணல் போட்டு, மேலே அரை மீட்டர் பெண்டோனைட் களியால் அடைத்தால் அளவுக் குழாய் தயார்.

மோட்டார் துப்பும் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அது யார் வீட்டடியிலிருந்தோ வந்தது. விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒரு நாளில் 8,64,000 லிட்டர் வெளியேற்றும். லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் மணல் இருந்தாலும் நாளுக்கு 864 கிலோ, கிட்டத்தட்ட அரை கன மீட்டர். கலங்கலாக வந்தால் உடனே இறைப்பதை நிறுத்தி, உறிஞ்சும் இடத்தில் சல்லியும் வடிதுணியும் போட்ட பிறகே தொடரச் சொல்லுங்கள். கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போனால், குழிக்கும் வீட்டுக்கும் இடையில் உறிஞ்சு கிணறு போட்டு, இறைத்த தெளிந்த நீரையே திரும்ப விடலாம்.

எப்போது நிறுத்துவது

குழியின் ஆழ அளவு தூரத்துக்குள் இருக்கும் புள்ளிகளைத் தினமும், அதற்கு அப்பால் வாரம் இருமுறையும் அளக்கலாம். சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்குத் தொடக்க எல்லைகளாக 5 மி.மீ. வந்தால் காரணம் தேடுவது, 10 மி.மீ.க்கு வேலை முறையை மாற்றுவது, 15 மி.மீ.க்குத் தோண்டலை நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண் வைத்த கான்கிரீட் வீட்டுக்கு இவற்றைப் பொறியாளர் சற்றுத் தளர்த்தலாம். மொத்த இறக்கத்தைவிடப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசம் முக்கியம். 6 மீட்டர் இடைவெளியில் 12 மி.மீ. வித்தியாசம் ஐந்நூறில் ஒன்று, அதுவரை கான்கிரீட் கட்டடம் பெரும்பாலும் தாங்கும். 20 மி.மீ. ஆனால் முந்நூறில் ஒன்று, சுவர்கள் வெடிக்கத் தொடங்கும். காரைச் சுவருக்கு இதில் பாதிகூடத் தாங்காது. ஒரே நாளில் 3 மி.மீ. இறங்கினால் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் நிறுத்திவிடுங்கள்.

ஒரே தாளில் மேலே குழியின் ஆழம், நடுவில் கிணற்று நீர்மட்டம், கீழே இறக்கம் என மூன்றையும் தேதிவாரியாக வரையுங்கள். தோண்டல் நின்றதும் இறக்கக் கோடு படுத்துக்கொண்டால் நல்லது. தோண்டாத நாளிலும் இறங்கினால் தண்ணீரோ மணலோ போகிறது. எல்லாப் புள்ளியும் ஒரே நாளில் ஒரே அளவு இறங்கினால் பெஞ்ச்மார்க்கைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் தாவினால் போல்ட்டில் வண்டி இடித்திருக்கும்.

அடக்கும் வழிகள்

1.5 மீட்டருக்குக் கீழே போகுமுன் முட்டு வந்துவிட வேண்டும். தோண்டிவிட்டு முட்டு வைப்பதும், முட்டு வைத்துத் தோண்டுவதும் ஒன்றல்ல. முட்டு வருமுன் நகர்ந்த மண் திரும்பாது. குறுக்கு உத்திரங்களை வைத்ததும் ஜாக்கால் இறுக்கி ஆப்பு அடியுங்கள். தளர்வாக வைத்த உத்திரம், சுவர் அதன் மேல் வந்து சாயும் வரை வேலை செய்யாது. மணலில் இரும்புத் தகடுகளை அதிர்வுச் சுத்தியலால் இறக்கினால் அந்த அதிர்விலேயே மணல் இறுகி வீடு இறங்கும். துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றிய நிலத்தடித் தூண்களான பைல் வரிசை நல்லது, ஆனால் பைல்களின் இடுக்கில் மணல் ஒழுகாதபடி அடைக்க வேண்டும்.

அஸ்திவாரத்துக்கு அடியில் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் ஒரு மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று என்ற வரிசையில் தோண்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. தோண்டிய மண்ணையும் செங்கல் அடுக்கையும் குழி ஓரத்தில் குவிக்க வேண்டாம்.

பாறை வந்தால் வெடி வைக்கத் தோன்றும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை, பிறர் வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில் விநாடிக்கு 5 மி.மீ. வேகத்தையும், பழம்பெரும் கட்டடங்களுக்கு 2 மி.மீ. வேகத்தையும் எல்லையாக வைக்கிறது. நெருக்கமான தெருவில் விரியும் ரசாயனக் கலவையை ஊற்றிப் பாறையைப் பிளப்பதே சரி, நாள் கூடினாலும்.

வெற்றிடம் உருவாகிவிட்டால் சிமென்ட் கரைசலைச் செலுத்தலாம். அழுத்தம் ஆழத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தரை மேலே எழும். செலுத்தும்போதே ஒருவர் லெவலில் கண் வைத்திருக்க வேண்டும். நுண்மணலுக்குள் சிமென்ட் நுழையாது, ஓட்டைகளை மட்டுமே அடைக்கும்.

குழி மூடிய பிறகு

பல வழக்குகள் இங்கேதான் பிறக்கின்றன. தகடுகளை உருவியதும் அவை இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். உருவ உருவ அதில் மணலோ கரைசலோ இறங்க வேண்டும். குழாய்ப் பள்ளத்தை 20 செ.மீ. அடுக்காக நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டிய மண் அடுத்த மழையில் தானே இறுகும், தெருவும் கூடவே இறங்கும். அளவுகளை மாதம் ஒருமுறையாகக் குறைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதும் கடக்கும் வரை தொடருங்கள். மழைக்குப் பின் மூன்று மாதம் அடுத்தடுத்து 1 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் விரிசல்களைப் பூசலாம். போல்ட்டுகளைப் பிடுங்க வேண்டாம். கிரீஸ் தடவி மூடி போட்டு, எண்களை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள், அடுத்த மனையில் தோண்டும்போது முதல் அளவாக உதவும்.